வாடகைக்குப் போகும் பெயர்கள்

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியில் வீடியோ காலில் தெரியும் போலீஸ் அதிகாரி போலி. அவருக்குப் பின்னால் சுவரில் தெரியும் இலச்சினை போலி. வாட்ஸ்அப்பில் வரும் கைது வாரண்ட், அதிலுள்ள நீதிமன்ற முத்திரை, ‘உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது’ என்ற கதை, எல்லாமே போலி. பங்குச்சந்தை ஆசை காட்டும் மோசடியிலும் இதே நிலைதான். ஆப் போலி, அதில் நாளுக்கு நாள் ஏறும் லாபம் போலி, ‘எனக்கு நேற்றே பணம் வந்துவிட்டது’ என்று வாட்ஸ்அப் குழுவில் நன்றி சொல்கிற அத்தனை பேரும் போலி. இவ்வளவு பொய்களுக்கு நடுவே அசலான ஒன்று இருக்கிறது. பணத்தைப் போடச் சொல்லி மோசடிக்காரர்கள் தரும் வங்கிக் கணக்கு. அது ஏதோ ஒரு வங்கியின் ஏதோ ஒரு கிளையில், ஆதாரும் பான் கார்டும் கொடுத்து, உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் பெயரில் திறக்கப்பட்டது. கம்போடியாவிலோ மியான்மரிலோ உட்கார்ந்திருக்கும் கும்பல் ஒரு முகத்தை உருவாக்கலாம், குரலை உருவாக்கலாம், ஒரே இரவில் இணையதளத்தையும் உருவாக்கலாம். ரூபாய் வந்து விழுகிற இந்தியக் கணக்கை மட்டும் அவர்களால் தாங்களாக உருவாக்க முடியாது. அதை இங்கே இருக்கும் யாராவது தந்தாக வேண்டும்.

இப்படித் தரப்படும் கணக்கைப் போலீசாரும் வங்கிக்காரர்களும் ‘மியூல் அக்கவுண்ட்’ என்கிறார்கள். வாடகைக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். 2023இல் இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்த தொகை 7,465 கோடி ரூபாய் என்றும், 2024இல் அது 22,845 கோடியாக உயர்ந்தது என்றும் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. நாளொன்றுக்குச் சராசரியாக 62 கோடிக்கு மேல். இந்தப் பணத்தில் பெரும்பகுதி யார் யாருடைய கணக்குகள் வழியாகவோதான் போயிருக்கிறது. ஆனால் நாம் கேட்கும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் பணத்தை இழக்கக்கூடியவரிடமே பேசுகின்றன. ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், போலீஸ் வீடியோ காலில் கைது செய்யாது. எல்லாம் தேவைதான். கணக்கைத் தரக்கூடியவரிடம் பேசும் குரல் மிகக் குறைவு. பயமும் ஆசையும் தனிமையும் உள்ளவரை யாராவது ஏமாந்துகொண்டுதான் இருப்பார்கள்; அதை முழுவதும் தடுத்துவிட முடியாது. ஆனால் ஏமாற்றி வாங்கும் பணத்தைப் போட இடமில்லாமல் செய்ய முடியும். மோசடியை நிறுத்தக்கூடிய இடம் வாடகைக் கணக்குதான் என்பதும், அங்கே கணக்குக்காரருக்கும் வங்கிக்கும் தனித்தனிப் பொறுப்பு உண்டு என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

பணம் எப்படி நகர்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். பணி ஓய்வு பெற்ற ஒருவர் மிரட்டலுக்குப் பயந்து, வைப்புநிதியை உடைத்து, 20 லட்சம் ரூபாயை ஆர்.டி.ஜி.எஸ். மூலம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது போய்ச் சேரும் முதல் கணக்கு பெரும்பாலும் ஏதாவது ‘டிரேடர்ஸ்’, ‘எண்டர்பிரைசஸ்’ பெயரிலான நடப்புக் கணக்காக இருக்கும். ஒரு மாணவனின் சேமிப்புக் கணக்கில் 20 லட்சம் வந்தால் வங்கிக்கு உறுத்தும், வியாபாரக் கணக்கில் உறுத்தாது. அங்கே பணம் சில நிமிடங்கள்தான் தங்கும். நான்கு லட்சம், மூன்று லட்சம், இரண்டே முக்கால் லட்சம் என்று பிரிந்து ஏழெட்டுக் கணக்குகளுக்குப் போகும். அங்கிருந்து ஒவ்வொரு துண்டும் மறுபடி உடைந்து, ஐம்பதாயிரம், நாற்பதாயிரமாக முப்பது நாற்பது கணக்குகளில் விழும். கடைசியில் ஒரு ஊரில் ஏ.டி.எம்.மிலும் இன்னொரு ஊரில் செக் மூலமும் ரொக்கமாக எடுப்பார்கள், மிச்சம் யு.எஸ்.டி.டி. என்ற கிரிப்டோ நாணயமாகி நாட்டை விட்டே போய்விடும். 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்வது இதனால்தான். அங்கே பதிவாகும் புகார், பணம் போன வழியிலுள்ள வங்கிகளுக்குத் தகவலாகப் போய், எந்த அடுக்கில் பணம் இருக்கிறதோ அங்கே அதை நிறுத்தப் பார்க்கிறது. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அழைத்தால் ஏதாவது மிஞ்சும். மறுநாள் அழைத்தால் கடைசி அடுக்கும் காலியாகியிருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே ஒருவரை ஏமாற்ற நாற்பது ஐம்பது பேருடைய கணக்குகள் செலவாகியிருக்கின்றன. புகார் வந்ததும் அவை முடங்கும், அடுத்த ஆளுக்குப் புதிய கணக்குகள் வேண்டும். கணக்கு பிடித்துக் கொடுப்பதே தனித்தொழிலாக வளர்ந்தது இந்தத் தீராத தேவையால்தான்.

அந்தத் தொழிலில் கைமாறும் சரக்கு ஒரு கவர். ‘கிட்’ என்பார்கள். அதற்குள் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, கார்டின் ரகசிய எண் எழுதிய துண்டுச் சீட்டு, தொகை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக் புக், நெட் பேங்கிங் கடவுச்சொல், கணக்கோடு இணைத்த சிம் கார்டு. இதில் உயிரானது சிம். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும், வங்கி சந்தேகப்பட்டு அழைத்தாலும் அந்த எண்ணுக்குத்தான் அழைக்கும். சிம்மைத் தரத் தயங்குகிறவரின் போனில் ஒரு ஆப்பை ஏற்றிவிடுவார்கள். வரும் குறுஞ்செய்திகள் எல்லாம் அதன் வழியே கும்பலின் போனுக்குப் போய்விடும். நடப்புக் கணக்கென்றால் ஏற்பாடு கொஞ்சம் பெரிது. கணக்குக்காரர் பெயரில் உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, ஜி.எஸ்.டி. எண், ரப்பர் ஸ்டாம்ப், பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு வாடகை ஒப்பந்தம். கடை வாசலில் பெயர்ப்பலகை ஒன்றை மாட்டி, அதன் முன்னால் அவரை நிறுத்திப் படமெடுத்து வங்கிக்குக் கொடுத்த பிறகு பலகை இறங்கிவிடும். தன் பெயரில் ஒரு நிறுவனம் இருப்பதும் அதன் கணக்கில் கோடிகள் ஓடியதும், வெளிமாநிலப் போலீசின் நோட்டீஸ் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

கவரை நிரப்ப ஆள் பிடிப்பவர் பல நேரங்களில் தெரிந்த முகமாகவே இருக்கிறார். விடுதியில் சீனியர், பட்டறையில் கூட வேலை செய்பவர், தெருமுனையில் மொபைல் கடை வைத்திருப்பவர், சுயஉதவிக் குழுவில் பழக்கமான அக்கா. “ப்ரோ, அந்த அக்கவுண்ட் சும்மாதானே கெடக்கு? பத்து நாள் குடு, அஞ்சாயிரம் கைல வரும்” என்பது மாணவனிடம் பேசும் பேச்சு. கிராமத்துப் பெண்களிடம் பேச்சு மாறும்: “கவர்மெண்டுல புதுசா ஒரு உதவித்தொகை வருதும்மா, ஆதாரை எடுத்துட்டு வாங்க, நானே அக்கவுண்ட் ஆரம்பிச்சுத் தர்றேன்.” கைரேகை வைத்துக் கணக்கு திறந்த பிறகு பாஸ்புக் அந்த அம்மாவின் கைக்கு வராது. கடனுக்கு அலைகிறவரிடம், “உங்க அக்கவுண்ட்ல வரவு செலவே இல்ல சார், அதான் லோன் நிக்குது, நாங்க பணத்தைப் போட்டு எடுத்துக் காட்டுறோம்” என்பார்கள். வேலை தேடுகிறவருக்கு டெலிகிராமில் வீட்டிலிருந்தே செய்யும் ‘பேமெண்ட் புராசஸிங்’ வேலை வரும்: கணக்குக்கு வரும் பணத்தில் இத்தனை சதவீதத்தை எடுத்துக்கொண்டு மீதியைச் சொன்ன இடத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதில் எதற்கும் சம்மதிக்காதவரையும் இழுத்துப்போட ஒரு வழி உண்டு. கணக்கில் திடீரென்று முப்பதாயிரம் ரூபாய் வரும். பின்னாலேயே போன் வரும். “அண்ணா, ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணம், நம்பர் மாத்திப் போட்டுட்டேன், இந்த நம்பருக்கு அனுப்பிடுங்க.” இரக்கத்தோடு அனுப்பிவைக்கிறவர், தான் அறியாமலேயே மோசடியின் இரண்டாம் அடுக்காகிவிடுகிறார். பணத்தைப் போட்டவர் ஏமாந்த வேறு யாரோ. திருப்பிக் கேட்பவர் ஏமாற்றியவர்.

இத்தனை வேடங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடுத்த மாதம் வேடம் மாறிவிடும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் கேள்வி ஒன்றுண்டு. என் கணக்குக்கு வரும் பணம் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? அதை வேறொருவர் தீர்மானித்தால், என்ன காரணம் சொல்லப்பட்டாலும், அது வாடகைக் கணக்கு. நேர்மையான எந்த நிறுவனமும் வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் பணத்தை ஊழியரின் சொந்த சேமிப்புக் கணக்கில் வாங்காது. அதற்கு அதன் பெயரிலேயே கணக்கு இருக்கும். கடன் கொடுக்கும் எந்த வங்கிக்கும் உங்கள் ஏ.டி.எம். கார்டும் சிம்மும் தேவையில்லை. அரசு உதவித்தொகை உங்கள் கணக்குக்கு வரும், அந்தக் கணக்கின் பாஸ்புக்கை இன்னொருவர் வைத்துக்கொள்ள எந்தத் திட்டத்திலும் இடமில்லை. தவறுதலாக வந்ததாகச் சொல்லப்படும் பணத்தைத் தொடாமல் அப்படியே விட்டு, கிளைக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். உண்மையாகவே எண் மாற்றிப் போட்டவராக இருந்தால், அவர் தன் வங்கியில் முறையிட்டால் போதும், வந்த வழியே பணத்தைத் திருப்ப வங்கிகளால் முடியும். அந்த வழிக்கு ஒத்துக்கொள்ளாமல் அவசரப்படுத்துகிறவரை நம்ப எந்தக் காரணமும் இல்லை. கிரிப்டோ விற்கிறவர்களுக்கு இன்னொரு அபாயம் உண்டு. வாங்குகிறவர் பெயர் ஒன்றாகவும் பணம் வரும் கணக்கின் பெயர் இன்னொன்றாகவும் இருந்தால், அது ஏமாந்த ஒருவரின் பணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெயர் பயன்படுத்தப்படுகிறதா என்று பார்க்கவும் சில வழிகள் இருக்கின்றன. உங்கள் பெயரில் எத்தனை மொபைல் எண்கள் இருக்கின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்த்து, உங்களுடையதல்லாத எண்ணை அங்கேயே துண்டிக்கச் சொல்லலாம். வருமான வரித் தளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையில், உங்கள் பான் எண்ணோடு இணைந்த கணக்குகளுக்கு வந்த வட்டி வங்கிவாரியாக இருக்கும். நீங்கள் கணக்கு தொடங்காத வங்கியின் பெயர் அதில் இருந்தால் விசாரிக்க வேண்டும்.

“கமிஷன் வாங்கினேன், உண்மைதான். ஆனால் அது மோசடிப் பணம் என்று எனக்குத் தெரியாது” என்பது கைதானவர்கள் சொல்லும் முதல் பதில். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது; பலருக்கு முழு உண்மை தெரிந்திருக்காது. ஆனால் சட்டம் கேட்பது முழு உண்மை தெரியுமா என்பதை மட்டும் அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவு, திருட்டுச் சொத்து என்பதன் வரையறையில் ஏமாற்றிப் பெற்ற சொத்தையும் புதிதாகச் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்ட சொத்தென்று தெரிந்து வாங்கினால் மட்டுமல்ல, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் நேர்மையின்றி வாங்கினாலே குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. மோசடிக் குற்றத்துக்கான 318ஆவது பிரிவும், கணினி வழி ஆள்மாறாட்டத்துக்கான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் இதோடு சேரலாம். அமலாக்கத் துறை எடுக்கும் வழக்கானால், பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் மூன்று முதல் ஏழு ஆண்டுகள். நம்புவதற்குக் காரணம் இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அந்தப் பேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. உழைப்பு எதுவும் இல்லாமல் ஒரு ஏ.டி.எம். கார்டுக்கு ஐயாயிரம் ஏன் தருகிறார்கள்? சொந்தமாகக் கணக்கு தொடங்க அவர்களுக்கு என்ன தடை? ‘வங்கியில் கேட்டால் மாமா அனுப்பிய பணம் என்று சொல்லுங்கள்’ என்று சொல்லிக் கொடுத்த பிறகும் ஒருவர் கணக்கைத் திரும்பக் கேட்கவில்லை என்றால், அதற்குப் பின் அறியாமையைக் காரணம் காட்டுவது கடினம்.

வேறொரு வாதமும் உண்டு. வீட்டை வாடகைக்கு விடுகிறோம், குடியிருப்பவர் உள்ளே கள்ள நோட்டு அடித்தால் வீட்டுக்காரரையா பிடிப்பார்கள்? கணக்கை வாடகைக்கு விட்டவர் மட்டும் ஏன் குற்றவாளி? கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. வீடு உங்கள் சொத்து. வாடகைக்கு விடும்போது குடியிருப்பவர் தன் பெயரில், தன் முகவரிச் சான்றோடு அங்கே வருகிறார். கணக்கு அப்படிக் கைமாற்றத்தக்க சொத்து அல்ல. ஆதார், பான், கைரேகை, கையெழுத்து எல்லாம் கொடுத்து, ‘இதில் நடப்பதற்கு நான் பொறுப்பு’ என்று வங்கிக்கு நீங்கள் தந்த உறுதிமொழியின் பேரில்தான் அது இயங்குகிறது. கணக்கை வாங்குகிறவர் உங்கள் பெயருக்குப் பின்னால் தன் பெயரை மறைக்கிறார். அவர் பணம் தருவதே அதற்காகத்தான். விசாரணை தொடங்கும்போது போலீசிடம் இருக்கும் ஒரே பெயரும் முகவரியும் உங்களுடையது. டெலிகிராமில் பேசியவரின் கணக்கு அதற்குள் அழிக்கப்பட்டிருக்கும். ஐயாயிரத்துக்கு விற்கப்படுவது என்னவென்று இந்த இடத்தில்தான் தெரியவரும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், கணக்கைத் தருகிறவர்கள் ஏழைகள், அவர்களும் பாதிக்கப்பட்டவர்களே, சட்டத்தின் முழு பாரத்தையும் அவர்கள் மேல் இறக்குவது அநீதி என்பது. இதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு உண்டு. தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு ‘திரைநீக்கு’ என்ற பெயரில் மாநிலம் முழுவதும் நடத்திய நடவடிக்கைகளில் 2024 டிசம்பரில் 76 பேரும் 2025 ஜூனில் 136 பேரும் கைதானார்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2023இல் ஒருங்கிணைத்த நடவடிக்கையில் 10,759 வாடகைக் கணக்குக்காரர்களையும், அவர்களைப் பிடித்துக் கொடுத்த 474 பேரையும் அடையாளம் கண்டார்கள். ஏறத்தாழ கணக்குக்காரர் இருபத்துமூன்று பேருக்கு ஆள் பிடிப்பவர் ஒருவர் என்ற விகிதம். எண்ணிக்கை குறைவாக இருக்கும் அந்த அடுக்கை உடைத்தால்தான் பலன் என்பதை இந்தக் கணக்கே சொல்கிறது. இன்னும் மேலே போனால் நிலைமை மேலும் கொடியது. 2022 அக்டோபரில் மியான்மரின் மியாவாடிப் பகுதியிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்திறங்கினார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மோசடி வேலை செய்யும்படி அடைத்து வைக்கப்பட்டவர்கள். ஆக, ஏமாற்றும் குரலுக்குப் பின்னால் சில நேரம் ஒரு கைதி இருக்கிறான், பணம் விழும் கணக்குக்குப் பின்னால் ஒரு ஏழை இருக்கிறாள். லாபம் இருவருக்கும் போவதில்லை.

ஆனாலும் ஏழ்மையை முழு விலக்காக ஏற்கத் தயங்குகிறேன். அந்தக் கணக்கில் விழுந்த பணமும் பல நேரங்களில் இன்னொரு ஏழையுடையது: மகள் திருமணத்துக்குச் சேர்த்தது, கணவர் இறந்தபின் வந்த காப்பீட்டுத் தொகை. பொறுப்பே இல்லை என்று சொன்னால் கும்பல்கள் இன்னும் அதிகமாக ஏழைகளையே தேடி வரும். குற்றத்தின் அளவைப் பிரித்துப் பார்ப்பது நடக்கக்கூடியது. சிங்கப்பூர் 2023இல் தன் சட்டத்தைத் திருத்தி, அறிந்தே உதவியவர், அபாயத்தை உணர்ந்தும் துணிந்து உதவியவர், அலட்சியத்தால் உதவியவர் என்று தனித்தனி நிலைகளை ஏற்படுத்தியது. அந்தப் பிரிவினை நமக்கும் வேண்டும். அதே சிங்கப்பூர் 2025 நவம்பரில், கணக்கு கொடுத்தவருக்கும் பன்னிரண்டு பிரம்படி வரை கொடுக்க இடமளித்துச் சட்டம் இயற்றியதை நான் ஏற்கவில்லை. உடலை வதைக்கும் தண்டனை, ஆள் பிடிப்பவரின் அடுத்த விளம்பரத்தை நிறுத்தப்போவதில்லை. கைரேகை வைத்த அம்மாவையும், இருபது பேரிடம் கவர் வாங்கிக் கொடுத்துக் கமிஷன் எடுத்த மொபைல் கடைக்காரரையும் ஒரே குற்றப்பத்திரிகையில் வரிசை எண் மட்டும் மாற்றி எழுதுவது நின்றால், அதுவே பெரிய முன்னேற்றம்.

வங்கிகளின் பங்கைப் பேசாமல் கணக்குக்காரரிடம் மட்டும் அறம் பேசுவது நேர்மையாகாது. வாடகைக் கணக்குகள் பற்றி ரிசர்வ் வங்கி 2010லேயே சுற்றறிக்கை அனுப்பி எச்சரித்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஜூனில், ஐந்து மாநிலங்களில் 42 இடங்களில் சோதனை நடத்திய சி.பி.ஐ., நாடு முழுவதும் 700க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகளில் ஏறத்தாழ எட்டரை லட்சம் வாடகைக் கணக்குகள் திறக்கப்பட்டதாகச் சொன்னது. ஒரு கிளைக்குச் சராசரியாக ஆயிரத்துக்கும் மேல். வாடிக்கையாளர் விவரங்களைச் சரியாகச் சோதிக்கவில்லை, சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகள் பற்றி எச்சரிக்கை வந்தும் கூடுதலாக விசாரிக்கவில்லை, முகவரி உண்மையா என்று அறிய அனுப்ப வேண்டிய நன்றிக் கடிதத்தைக்கூடச் சில கிளைகள் அனுப்பவில்லை என்பவை சி.பி.ஐ. எழுப்பிய குற்றச்சாட்டுகள். ஒரு கடிதம்! அது பெறுநர் இல்லை என்று திரும்பி வந்திருந்தாலே பல போலி நிறுவனங்கள் முதல் வாரத்திலேயே பிடிபட்டிருக்கும். 2025 டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அரெஸ்ட் வழக்குகளை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தபோது, கணக்கு திறக்கத் துணைபோன வங்கி அதிகாரிகளையும் விசாரிக்க முழுச் சுதந்திரம் கொடுத்தது இந்தப் பின்னணியில்தான்.

தொழில்நுட்பம் இல்லை என்று வங்கிகள் இனி சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கிய ‘மியூல்ஹண்டர்.ஏஐ’ என்ற மென்பொருள் 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆறு மாதம் உறங்கிய கணக்கில் திடீரென்று லட்சங்கள் வந்து நிமிடங்களில் வெளியேறுவது போன்ற நடமாட்டங்களைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. குறை இருப்பது ஊக்கத்தில். கணக்கு திறக்க இலக்கு வைத்து ஊழியரை விரட்டும் வங்கிக்கு, அந்தக் கணக்கு மோசடிக்குப் பயன்பட்டால் நஷ்டம் எதுவுமில்லை. பிரிட்டன் இதை மாற்றிப் பார்த்தது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து தானே பணம் அனுப்பிய வாடிக்கையாளருக்கும் 85,000 பவுண்டு வரை ஈடு தர வேண்டும். அதில் பாதியை அனுப்பிய வங்கியும், பாதியைப் பணம் போய்ச் சேர்ந்த வங்கியும் ஏற்க வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். வாடகைக் கணக்கை வைத்திருந்ததற்காக ஒரு வங்கி தன் பையிலிருந்து பணம் எடுத்துத் தரவேண்டி வந்தால், அடுத்த கணக்கைத் திறக்கும் முன் கடையைப் போய்ப் பார்த்துவிட்டு வரும். வாடிக்கையாளர்கள் அலட்சியமாகிவிடுவார்கள், வங்கிகள் ஏழைகளுக்குக் கணக்கே தர மறுக்கும் என்று இதற்கு எதிர்ப்பு எழலாம். இரண்டாவது அச்சம் உண்மையானது. ஜன்தன் திட்டத்தில் 55 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் திறந்தது சாதாரணச் சாதனை அல்ல. அதைப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. ஆனால் முழு ஆவணங்கள் இல்லாமல் திறக்கும் சிறு கணக்குகளுக்கு ஏற்கெனவே வரவு உச்சவரம்பு இருக்கிறது. லட்சங்களும் கோடிகளும் ஓடுவது நடப்புக் கணக்குகளில். ஈட்டுப் பொறுப்பை முதலில் அங்கே பொருத்தினால் ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் அம்மாவுக்கு ஒரு இடைஞ்சலும் வராது.

கணக்கில்தான் மோசடியைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும்போது, அப்பாவிகளின் கணக்கு முடங்குவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்டிக்கடைக்காரரிடம் யாரோ யு.பி.ஐ.யில் 300 ரூபாய்க்குப் பொருள் வாங்கியிருப்பார்கள். அது மோசடிப் பணத்தின் ஐந்தாம் அடுக்கு. எங்கோ ஒரு மாநிலத்தில் புகார் பதிவானதும் கடைக்காரரின் கணக்கு மொத்தமும் முடங்கும், சரக்கு வாங்கப் பணம் இருக்காது. இது சட்டத்துக்குப் பொருந்தாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2023இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2024இலும், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாம், தொகை எவ்வளவு என்று சொல்லாமல் கணக்கையே முடக்கக் கூடாது என்ற நிலையை எடுத்தன. கிளை மேலாளர் கைவிரிக்கும்போது இந்தத் தீர்ப்புகளைச் சுட்டிக்காட்டி எழுத்தில் கேட்பது பலன் தரக்கூடும். தொகையை மட்டும் நிறுத்துவதால் விசாரணைக்குக் குறைவு ஒன்றும் வராது. கண்ணில் பட்ட கணக்கையெல்லாம் முடக்கினால் மக்களின் கோபம் மோசடிக்காரரை விட்டுப் போலீசின் மேல் திரும்பும்.

ஏற்கெனவே கணக்கைக் கொடுத்துவிட்டவர்கள் இதைப் படிக்கக்கூடும். நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்துக் கார்டையும் நெட் பேங்கிங்கையும் இன்றே முடக்கச் சொல்ல வேண்டும். அதே நாளில் கிளைக்குப் போய், கணக்கு யாரிடம், எந்தத் தேதியில், என்ன காரணம் சொல்லிப் பெறப்பட்டது என்பதைக் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். கொடுத்த சிம்மைத் தொலைபேசி நிறுவனத்தில் சொல்லித் துண்டிக்க வேண்டும். ஆள் பிடித்தவரோடு நடந்த வாட்ஸ்அப், டெலிகிராம் உரையாடல்களை அழிக்கவே கூடாது. பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தன் தரப்பைச் சொல்ல எதுவும் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, பிறகு 1930க்கு அழைத்தோ தேசிய சைபர் குற்றத் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ தானாகவே புகார் கொடுக்க வேண்டும். வாங்கிய கமிஷனைச் செலவழிக்காமல் வைத்திருந்து அதையும் புகாரில் சொல்லிவிடுவது நல்லது. இதனால் வழக்கே வராது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் தேடிப் பிடிக்கப்பட்டவரையும் தானாக வந்தவரையும் நீதிமன்றம் ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் அங்கே கட்டணமில்லாமல் வழக்கறிஞர் தருவார்கள்.